மூக்கரசியின் "சரி"

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது என் மனைவியின் மூக்கு. அதற்குப் பின்னால்தான் அவள் எழுந்து வருவாள்.

சமையலறைக் கதவை அவள்தான் திறக்க வேண்டும். திறந்ததும் உள்ளே போக மாட்டாள். சுவிட்சையும் தொட மாட்டாள். நிலைப்படியில் நின்று கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சை இழுப்பாள். முதல் இழுப்பு கேஸுக்கு. இரண்டாவது இழுப்பு எங்காவது வயர் கருகுகிறதா என்று பார்க்க. பிறகு "சரி" என்பாள். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் விளக்கு எரியும், சிலிண்டர் திறக்கும், அடுப்பு பற்றும். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமாகிவிட்டால், மறுபடியும் பற்றவைக்கும் முன் இதே இரண்டு இழுப்பு, இதே "சரி". இருபத்திரண்டு வருடங்களாக இதில் ஒரு நாளும் மாற்றமில்லை.

வெறும் "சரி"யோடு அவள் நிறுத்தியதுமில்லை. கூடவே ஒரு செய்தி அறிக்கையும் வரும்.

"மேல் வீட்ல பிரட்டைக் கருக்கிட்டாங்க. கீழ் வீட்டுக்காரர் புது ஷூ வாங்கியிருக்கார். நம்ம வீட்ல ஒண்ணுமில்ல. சரி."

கல்யாணமான புதிதில் ஒரு நாள் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறியவள், முதல் தளத்து வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். "கேஸ்" என்றாள். அந்த வீட்டுக்காரர், வழுக்கைத் தலை மனிதர், கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் வரலையேம்மா, உங்க பையில இருக்கற முட்டைக்கோஸா இருக்கும்" என்றார். இவள் பையைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். கடைசியில் பார்த்தால் அவர் வீட்டு ரெகுலேட்டரில் கசிவு. கட்டடமே மூக்கு மேல் விரலை வைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு மூக்கரசி என்று பெயர். அதற்கப்புறம் மூன்றாம் தளத்தில் வெந்நீர்க் கொதிகலனின் பிளக் உருகத் தொடங்கியதைப் படிக்கட்டிலிருந்தே கண்டுபிடித்தாள். யார் வீட்டில் சந்தேக வாசனை வந்தாலும், "கொஞ்சம் வந்து மோந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று ஆள் வந்துவிடும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் போகும் டாக்டர் மாதிரி போவாள்.

இதனால் வீட்டிலிருந்த மற்ற மூன்று மூக்குகளுக்கும் நிரந்தர விடுமுறை கிடைத்தது. எனக்கு மூக்கு என்பது கண்ணாடியைத் தாங்கும் ஓர் உறுப்பு. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகளுக்கு அது சளி பிடிக்கும் இடம். எங்களோடு தங்கியிருக்கும் என் மைத்துனன், அதாவது மூக்கரசியின் தம்பி, கைபேசி பழுது பார்ப்பவன். கேட்டால் அவன், "எனக்கு மூக்கு இருக்கறதே அக்கா சொல்லித்தான் தெரியும்" என்பான். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று சமையலறை மேடையில்தான் அவன் கைபேசிகளைக் குடல் உருவிப் போட்டிருப்பான். அதற்காகத் தினமும் திட்டு வாங்குவான். அது அவன் காதில் விழுவதாகவும் தெரியாது.

ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போய்விட்டது. போகும்போது ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனது.

எனக்கு அது பாலில் தெரிந்தது. ஒரு காலையில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போதே புளித்த வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே உட்கார்ந்து அவள் பாதிக் கோப்பையைக் குடித்திருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "எப்படியிருக்கு?" என்றாள். "நல்லாருக்கு" என்றேன். அவள் குளிக்கப் போனதும் என் டீயைத் தொட்டியில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு கவனித்தேன். செய்தி அறிக்கை நின்றுபோயிருந்தது. மேல் வீட்டு பிரட் எத்தனை முறை கருகியும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நிலைப்படியில் நிற்பாள், கண்ணை மூடுவாள், இரண்டு முறை இழுப்பாள். "சரி." அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்தச் சொல்லை அவள் வெளியே விடுவாள். இப்போது கீழே வைப்பது மாதிரி வைத்தாள்.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன். யாராவது சத்தமாகப் பேசினால் விரலை உதட்டில் வைப்பதே என் உத்தியோகம். வீட்டிலும் அதே விரல் அதே இடத்தில் இருக்கும். எனக்கும் அவளுக்கும் நடுவே நாள் முழுக்க நாலு வாக்கியம் ஓடினால் அதிகம். அதைக் குறையென்று நாங்கள் நினைத்ததில்லை. அதனால் இதையும் அந்த மௌனத்துக்குள்ளேயே போட்டு மூடினேன். அவளாகச் சொல்லட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. சொல்லிவிட்டால் அந்த நிலைப்படியில் அவள் யாராக நிற்பாள்?

ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. இந்த வீட்டில் தீ பிடிக்காமல் இருப்பதற்கு இருந்த ஒரே காவல் அவளுடைய "சரி". அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. உண்மையாகவே ஒரு நாள் கசிந்தால் அவளுக்குத் தெரியாது. தெரியாதென்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் நான் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஒரு நாள் இல்லை, மூன்று வாரம் திருப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். எதிர் வீட்டில் பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. சுரண்டிய சுண்ணாம்புத் தூள் உள்ளே வருகிறது என்று எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியிருந்தாள். ஆறரைக்கு இரண்டு இழுப்பு, ஒரு "சரி", ஆளுக்கொரு டீ. பிறகு துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் கூரை போட்ட பக்கமாக உலர்த்தப் போய்விட்டாள். போகும்போது, "எலக்ட்ரீஷியன் வருவாரு. காலிங் பெல் சுவிட்ச்சுல நெருப்புப் பொறி பறக்குதுன்னு ரெண்டு நாளா சொல்லி வச்சிருக்கேன். வந்தா உக்கார வைங்க" என்றாள்.

எட்டு மணிக்கு மைத்துனன் சமையலறையில் கைபேசியின் ஸ்க்ரூ ஒன்றைத் தவறவிட்டான். அரிசிமணியில் பாதிகூட இருக்காது. அது உருண்டு அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. அடுப்பை முன்னால் இழுத்தான், எடுத்தான், மறுபடியும் பின்னால் தள்ளினான். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் ரப்பர் டியூப் பழசு. அந்த இழுப்பில் அடுப்போடு சேரும் இடத்தில் அது வாயைப் பிளந்துவிட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூ கிடைத்த சந்தோஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். டீக்குத் திறந்த சிலிண்டர் திறந்தபடியே இருந்தது. காலைச் சாப்பாடு இன்னும் செய்யவில்லையே.

ஒன்பது மணி வாக்கில் கண்ணாடி துடைக்கத் துணி தேடிச் சமையலறைப் பக்கம் போனேன். மூடிய கதவருகே ஏதோ அடித்தது. அழுகிய முட்டையும் பூண்டும் கலந்த மாதிரி. நின்றேன். பெயிண்டாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து படித்தேன்.

அறையிலிருந்து மகள் வந்தாள்.

"அப்பா, ஏதோ நாறுதுல்ல?"

"பெயிண்ட்" என்றான் மைத்துனன், கையிலிருந்த கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே.

"பெயிண்ட் இப்படியா மாமா நாறும்?"

"மலிவு பெயிண்டா இருக்கும். எதிர் வீட்டுக்காரர் கஞ்சப் பிசினாரி."

"அப்பா, உங்களுக்கு வருதா?"

"ம்" என்றேன். அந்த "ம்"முக்கு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் கொள்ளலாம். என்னுடைய பெரும்பாலான பதில்கள் அப்படித்தான்.

அப்போது மூக்கரசி காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

"அம்மா, ஏதோ வாசனை வருதும்மா" என்றாள் மகள்.

வாளியைக் கீழே வைத்தாள். ஒரு கணம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. நான் அதைப் படித்தேன், படித்துவிட்டு மூடினேன். அவள் சமையலறைக் கதவைத் திறந்து நிலைப்படியில் நின்றாள். கண்ணை மூடினாள். ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு.

"பெயிண்ட்டுதான். சரி" என்றாள்.

மகளின் தோள்கள் தளர்ந்தன. "நான் சொன்னேன்ல?" என்றான் மைத்துனன். எனக்கும் மூச்சு லேசானது. எங்கள் வீட்டாரால் மட்டும்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும். நாலு பேரில் மூன்று பேருக்குக் கேஸ் வாசனை முகத்தில் அறைகிறது. வராத ஒருத்தி இல்லை என்கிறாள். உடனே மூன்று பேரும் தங்கள் மூக்கில்தான் கோளாறு என்று ஒப்புக்கொள்கிறோம். அதிலும் எனக்கு அவள் கதை தெரியும். தெரிந்தும் இருபத்திரண்டு வருடப் பழக்கம் அந்த ஒரு சொல்லில் என்னைத் தூங்கவைத்துவிட்டது.

அவள் கை நீட்டி, கதவோரம் ஆணியில் தொங்கிய அடுப்பு லைட்டரை எடுத்தாள்.

வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. தட்டல் இல்லை, இடி.

"பெல் இருக்கறப்போ ஏன் கதவை உடைக்கறாங்க?" என்று லைட்டரோடு திரும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். எலக்ட்ரீஷியன் நின்றார். ஒல்லியான, கொஞ்சம் கூனிய மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார்; ஒரு பல்ப் மாட்டுவதற்கும் மூன்று முறை டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கைபேசியையும் பையையும் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அக்கா," என்றார், ரொம்ப மெதுவாக, "கையில இருக்கறத அழுத்தாதீங்க. அப்படியே என்கிட்ட குடுங்க."

"இதையா? எதுக்கு?"

"கேஸ் வாசல் வரைக்கும் வந்து நிக்குதுக்கா. பெல்லை அழுத்த விரலைக் கொண்டுபோயிட்டுத்தான் மோந்தேன். பொறி பறக்குதுன்னு நீங்க ரிப்பேருக்குக் கூப்பிட்ட அதே பெல்லு."

அவள் லைட்டரைக் கொடுத்தாள். தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவது மாதிரி கொடுத்தாள்.

"கேஸா! இருங்க, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுடறேன்" என்று மைத்துனன் துள்ளி எழுந்து சுவிட்ச் பக்கம் பாய்ந்தான்.

"தொடாதே!" என்று நான் கத்தினேன். அந்த வீட்டில் அதற்கு முன் நான் கத்தியதில்லை. மைத்துனன் கையைத் தூக்கியபடி சிலையாக நின்றான், பயந்தது கேஸுக்கா எனக்கா என்று தெரியாமல்.

"சார் சொல்றதுதான் சரி. போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். சார்ஜர்கூடப் பிடுங்க வேணாம். எல்லாரும் அப்படியே இறங்குங்க. பாப்பா, நீ கீழ போய் மீட்டர் பெட்டியில மெயினை இறக்கிடு. ஃப்ரிட்ஜ் தானா ஓட ஆரம்பிச்சாக்கூடப் பொறி வரும்."

எலக்ட்ரீஷியன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். சிலிண்டர் வால்வைத் திருகும் சத்தம், பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். நாங்கள் இறங்கினோம். எதிர் வீட்டுப் பெயிண்டர் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து, "என்னங்க ஆச்சு?" என்றார்.

"கேஸு லீக்கு. நாங்க உங்க பெயிண்ட்டுன்னு நெனச்சோம்" என்றான் மைத்துனன்.

பெயிண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. டப்பாவைத் தூக்கிக்காட்டினார். "இது வாசனையே இல்லாத பெயிண்ட்டுங்க. குழந்தை இருக்கற வீடுன்னு கேட்டு வாங்கினது. மோந்து பாருங்க!"

மைத்துனன் மோந்து பார்த்தான். உண்மைதான். டப்பாவையும் பெயிண்டரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு கீழே போனோம்.

மீட்டர் பெட்டியில் ஆறு வீட்டு மெயின்கள் பெயர் எழுதாமல் வரிசையாக நின்றிருந்தன. எது எங்களுடையது என்று மகளுக்குத் தெரியாது. யோசிக்க நேரமில்லை என்று ஆறையும் இறக்கிவிட்டாள். அடுத்த நிமிடம் கட்டடம் முழுக்கக் கூச்சல். மேல் வீட்டிலிருந்து கையில் பாதி கருகிய பிரட்டோடு அந்த அம்மா இறங்கினாள். ஒருவர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையும் மறு கன்னத்தில் பாதி தாடியுமாக வந்தார். தூறல் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமையின் எல்லாக் கோலங்களிலும் ஜனங்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். நானும் மனைவியும் குட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். அவள் வலது கைவிரல்கள் இன்னும் லைட்டரைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

கேஸ் என்ற சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது. முதல் தளத்து வழுக்கைத் தலைக்காரர், அந்தப் பழைய முட்டைக்கோஸ் மனிதர், முன்னால் வந்து கையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! அன்னிக்கு என் வீட்டை, இன்னிக்கு மொத்தக் கட்டடத்தை! மூக்கரசி இருக்கறவரைக்கும் நமக்கு என்ன பயம்? ஒரு பெரிய விபத்தை மோந்தே தடுத்துட்டாங்க!"

கூட்டம் கைதட்டியது. பிரட் அம்மா அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். எலக்ட்ரீஷியன் அந்த நேரம்தான் இறங்கி வந்தார். கைதட்டலைக் கேட்டார், அவளைப் பார்த்தார், தலையைக் குனிந்து தன் பாதத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தட்ட ஆரம்பித்தார். அவர் எதையும் சொல்ல மாட்டார் என்று புரிந்தது. மைத்துனன் என்னைப் பார்த்தான், நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒரு புன்னகையோடு தலையை அசைத்தால் போதும், பட்டம் அவளிடமே இருக்கும். அந்த நிலைப்படியும் இருக்கும்.

அவள் எழுந்து நின்றாள்.

"நான் தடுக்கல" என்றாள். "நான்தான் பத்தவைக்கப் போனேன். இவர் கதவைத் தட்டலைன்னா பத்தவச்சிருப்பேன்."

"என்னம்மா சொல்றீங்க? உங்க மூக்குக்கா தெரியல?"

"மூக்கு இல்ல. போயிடுச்சு. காய்ச்சல்ல போயிடுச்சு. மூணு வாரமாச்சு. பூவும் தெரியல, பொசுங்கலும் தெரியல, நாக்குல ருசியும் தெரியல."

முற்றம் அமைதியானது. எனக்குப் பழக்கமான அமைதிதான். ஆனால் அதை முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்தேன்.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ தினமும் காலையில 'சரி' 'சரி'ன்னீங்களே?"

"குத்துமதிப்பாச் சொன்னேன்."

"குத்துமதிப்பாவா!" மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, எனக்கு நல்லாவே வந்துச்சு அந்த நாத்தம். நீ சரின்னதும் என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு, நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்."

"எனக்கும் வந்துச்சும்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் ஒரு எறும்பு நீந்திக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அது கரையேறிவிட்டது. அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

"வந்துச்சு" என்றேன்.

"ஒன்பது மணிக்கேவா?"

"ம்."

"அந்த 'ம்' வேணாம். வாயைத் திறந்து சொல்லுங்க."

"ஒன்பது மணிக்கே வந்துச்சு. உனக்கு வாசனை தெரியலைங்கறதும் தெரியும். அன்னிக்கு டீயில பால் புளிச்சிருந்துச்சு. நீ குடிச்சே. நான் ஊத்திட்டேன்."

கோபத்தில் அவள் மூக்கின் நுனி சிவந்தது. உபயோகம் போனாலும் அழகு போகவில்லை என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. நல்லவேளை, அதைச் சொல்லவில்லை.

"நான் மறைச்சேன். எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இந்த வீட்ல எனக்குன்னு இருந்த ஒரே உத்தியோகம் அது. அது போச்சுன்னு சொல்ல வாய் வரல. நீங்க எதுக்கு மறைச்சீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சொல்லாம இருக்கறது சுலபமா இருந்துச்சு" என்றேன்.

முட்டைக்கோஸ் மனிதர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, வீட்டுக்கு வீடு வாசப்படி..." என்று ஆரம்பித்தவர், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே விழுங்கிவிட்டார்.

காற்று நன்றாகப் போய்வரட்டும் என்று எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரம் யாரையும் மேலே விடவில்லை. பிறகு எங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். "கேஸ் காத்தைவிட கனம் சார். சோம்பேறி மாதிரி தரையிலயே படுத்திருக்கும். விசிறித்தான் கிளப்பணும்." கரண்ட் இல்லாத வீட்டில் எதைக் கொண்டு விசிறுவது? என் அலமாரியிலிருந்து கனமான அகராதி ஒன்றையும் இரண்டு வரலாற்றுப் புத்தகங்களையும் எடுத்து, கெட்டி அட்டையைப் பிடித்துக்கொண்டு, அவரும் நானும் மைத்துனனும் தரையைத் துடைப்பது மாதிரி குனிந்து குனிந்து காற்றை வாசலுக்குத் தள்ளினோம். அந்தப் புத்தகங்கள் யாருக்காவது இவ்வளவு உடனடியாக உதவி நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த கேஸ் மெக்கானிக் ஒருவர் வந்து டியூபை மாற்றினார். சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, குமிழி வருகிறதா என்று எங்கள் எல்லோரையும் குனிந்து பார்க்கவைத்தார். வரவில்லை. பிறகுதான் மகள் கீழே போய் ஆறு மெயின்களையும் ஏற்றினாள். ஏற்றிய கையோடு ஒவ்வொன்றின் கீழும் வீட்டு எண்ணை எழுதி ஒட்டிவிட்டு வந்தாள்.

கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் மைத்துனனின் அறையை எட்டிப் பார்த்தார். ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் ஒன்பது பிளக்குகள் குடும்பமாக உட்கார்ந்திருந்தன.

"இது என்ன, ஆக்டோபஸ் வளக்கறீங்களா?"

"தொழில்ணே."

"இன்னும் ரெண்டு சொருகுனீங்கன்னா தொழிலோட சேந்து வீடும் போயிடும். நாளைக்கு வந்து தனி லைன் இழுத்துத் தரேன்." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "அக்கா, கேஸ் கசிஞ்சா கத்தற அலாரம் ஒண்ணு இருக்கு. தரைக்குக் கொஞ்சம் மேல மாட்டிடலாமா?"

"மாட்டுங்க" என்றாள் அவள். "அந்தப் பொட்டியாவது வாயைத் திறந்து சொல்லுமில்ல."

அது எனக்கு வந்த அம்பு. வாங்கிக்கொண்டேன். பெல்லும் புதுசாகிவிட்டது. மைத்துனனின் கடை அவன் ஜன்னலோரத்துக்குக் குடிபெயர்ந்தது. சமையலறையில் ஸ்க்ரூ டிரைவரோடு அவனைப் பார்த்தால் சாப்பாடு கிடையாது என்று உத்தரவு.

டாக்டர், சில பேருக்குச் சில மாதத்தில் திரும்பி வரும், சில பேருக்கு வராது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் அவள் சமையலறைக் கதவருகே நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை என்னைத் தட்டி எழுப்பினாள்.

"வாங்க. உங்க முறை."

நிலைப்படியில் என்னை நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் நின்றாள். கண்ணை மூடச் சொன்னாள். அலாரப் பெட்டியின் பச்சைப் புள்ளி இருட்டில் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு முறை இழுத்தேன்.

"ம்" என்றேன்.

முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"கேஸ் இல்ல. வயர் கருகல. சரி."

"அவ்வளவுதானா? வேற?"

"வேற என்ன?"

"என்னென்ன வருதோ எல்லாத்தையும் சொல்லுங்க. எனக்குத் தெரியாதில்ல."

அதற்குப் பிறகு ஒரு வாரமாக ஒவ்வொரு காலையும் நான் அந்த இடத்தில் நின்று செய்தி வாசிக்கிறேன். என் வாழ்நாளில் பேசியதைவிட அதிகம் பேசிவிட்டேன். மூன்றாம் தளத்துக்கும் என்னைத்தான் அனுப்புகிறாள். கட்டடத்தில் என்னைத் துணை மூக்கு என்கிறார்கள். போன வியாழக்கிழமை ஒரு வீட்டில் வெறும் ஈரச்சாக்கை வயர் கருகல் என்று சொல்லி மூக்குடைபட்டுத் திரும்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதமாகியிருந்தது.

இன்று காலையும் நின்றேன்.

"மேல் வீட்ல பிரட் கருகுது. எதிர் வீட்ல குழந்தைக்குப் பவுடர் போட்டிருக்காங்க. கீழ் வீட்டுக்காரர் ஷூ பழசாயிடுச்சு. நம்ம வீட்ல கேஸ் இல்ல, வயர் கருகல. சரி."

அவள் விளக்கைப் போட்டாள், சிலிண்டரைத் திறந்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தை மேலே வைத்துப் பாலை ஊற்றப் போனாள்.

"கொஞ்சம் இரு" என்றேன்.

கை அந்தரத்தில் நின்றது. "என்ன?"

"பால் புளிச்சுப் போச்சு."

அவள் பால் பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை போல. பிறகு அதைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, எனக்குக் கறுப்பு டீ போட்டுக் கொடுத்தாள்.